15-லிருந்து 16 அங்குலத்துக்கு: போனது 13 மில்லிமீட்டர்

தன் காருக்கும் என்னைப் போல 16 அங்குல அலாய் சக்கரம் மாட்டலாமா என்று நண்பர் கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலைதான் ஒரு பள்ளத்தில் இறக்கி, இடுப்பில் வாங்கியிருந்தேன்.

கம்பெனியிலிருந்து வந்த டயர் 185/65 ஆர்15: அகலம் 185 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 15 அங்குலம். இப்போது ஓடுவது 195/55 ஆர்16. கணக்கில் குறை சொல்ல இடமில்லை: பழைய டயரின் மொத்த விட்டம் 621.5 மி.மீ., புதியது 620.9. ஸ்பீடோமீட்டருக்கு எதுவும் தெரியாது. நான் நினைத்தே பார்க்காத லாபமும் உண்டு. டிக்கியில் கிடக்கும் பழைய 15 அங்குல ஸ்டெப்னி உயரத்தில் அப்படியே ஒத்துப்போகிறது. பஞ்சரானபோது அதை மாட்டிக்கொண்டு, மெதுவாகத்தான், சிரமமில்லாமல் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

விட்டம் மாறவில்லை, ரிம் மட்டும் ஒரு அங்குலம் வளர்ந்திருக்கிறது என்றால் அந்த இடத்தைக் கொடுத்தது யார்? சைடுவால்தான், அதாவது ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பக்கச்சுவர். 185-இல் 65 சதவீதம் 120 மி.மீ.; 195-இல் 55 சதவீதம் 107. போனது 13 மில்லிமீட்டர். எண்ணாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. வண்டியில் உட்கார்ந்தால் பாலத்தின் இணைப்பு, சாக்கடை மூடி, தார் ஒட்டு என்று ஒவ்வொன்றும் பெயர் சொல்லிவிட்டுப் போகிறது. முன்பு கண்ணால் பார்த்தாலும் சட்டை செய்யாத சின்னப் பள்ளங்களுக்கெல்லாம் இப்போது பிரேக் பிடிக்கிறேன். பின்சீட்டில் இருப்பவர்களின் கருத்தை இங்கே எழுத முடியாது.

குலுக்கல் குறையக் காற்றைக் குறைத்துப் பார் என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. மாட்டேன். பழைய டயரின் சுமை எண் 88, அதாவது ஒரு டயருக்கு 560 கிலோ. புதிய சைஸில் சாதாரண வகை 87, 545 கிலோதான். அதனால்தான் கூடுதல் சுமை தாங்கும் எக்ஸ்எல் வகையில் 91 வாங்கினேன். 615 கிலோ தாங்கும். ஆனால் அந்தத் திறன் முழுதாகக் கிடைக்கக் காற்றும் கூடுதலாக வேண்டும். எக்ஸ்எல் கொஞ்சம் விறைப்பானதும்கூட. ஆகவே நான் திட்டுவதில் ஒரு பங்கு சைஸுக்குச் சேராது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

வளைவுகளில் இதன் குணமே வேறு. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் உடனே திரும்புகிறது. முன்பு டயர் ஒருமுறை நெளிந்துவிட்டுத்தான் திரும்பும். வேகமாக லேன் மாறும்போது அந்த அசைவு சுத்தமாக இல்லை.

நண்பர் கண் வைத்திருப்பதோ 205/55 ஆர்16 மீது. பார்க்க நிறைவாக இருக்குமாம். அதன் விட்டம் 632. மீட்டர் 100 காட்டும்போது வண்டி முன்பைவிடக் கிட்டத்தட்ட 2 கி.மீ. அதிகமாக ஓடும். அதுகூடப் பரவாயில்லை. முழுதாக ஸ்டீயரிங்கை ஒடித்தால் உள்ளே மட்கார்டில் உரசுமா என்று பார்க்காமல் அதைத் தொடக்கூடாது. ரிம்மின் ஆஃப்செட் (சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்காருகிறது என்ற அளவு) மாறினால் அதுவும் சேர்ந்துகொள்ளும். டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 16 அங்குல சைஸ் போட்டிருந்தால் அதை வாங்கட்டும், இல்லையென்றால் 15-இலேயே நல்ல டயராகப் பார்க்கட்டும் என்று பதில் அனுப்பிவிட்டேன்.

சொகுசுக்கு ஐந்தில் இரண்டு மதிப்பெண், அதற்கு மேல் தரமாட்டேன். இது தேய்ந்ததும் நான் வாங்கப்போவது மறுபடியும் 195/55 ஆர்16 தான். எக்ஸ்எல்லாகவே.