நெட்வேர் 3.12, விண்டோஸ் என்டி 4: அட்மின் பார்வையில் எது மேல்?

1990களின் நடுவில் ஒரு அலுவலகத்துக்கு சர்வர் போட வேண்டுமென்றால் பேச்சு பெரும்பாலும் இரண்டு பெயர்களில்தான் வந்து நிற்கும். நோவெலின் நெட்வேர் 3.12, மைக்ரோசாப்டின் விண்டோஸ் என்டி சர்வர் 4.0. இரண்டுமே சர்வரை இயக்கும் ஆபரேட்டிங் சிஸ்டங்கள். முன்னது 1993ல் வந்தது, பின்னது 1996ல். எல்லோருடைய ஃபைல்களையும் ஓரிடத்தில் வைத்துப் பகிரும் ஃபைல் சர்வர் என்ற வேலையை மட்டும் வைத்துப் பார்த்தால், பழையதான நெட்வேர்தான் மேல் என்று இன்றைக்கும் சொல்வேன்.

முதலில் அனுமதி விஷயம். சர்வரைப் பராமரிக்கும் அட்மினின் நேரம் அதிகம் போவது அதில்தான். நெட்வேரில் நாம் உரிமை கொடுக்காத ஃபோல்டர் யூசரின் கண்ணிலேயே படாது. மேலே ஓரிடத்தில் கொடுத்த உரிமை கீழே உள்ளவற்றுக்குத் தானாக இறங்கும். சம்பளக் கணக்கு ஃபோல்டருக்குள் மட்டும் இறங்கக் கூடாது என்றால் அங்கே ஒரு மறிப்பு போட்டால் போதும். என்டியில் புது ஷேர், அதாவது நெட்வொர்க்கில் பகிரும் ஃபோல்டர், ஒன்றை உருவாக்கினால் 'எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல்' (எல்லோருக்கும் முழு உரிமை) என்றே பிறக்கும். பூட்டுவது நம் பொறுப்பு. அதைவிட ஆபத்தானது, உள் ஃபோல்டர்களின் அனுமதியையும் மாற்றவா என்று கேட்கும் அந்தச் சின்னக் கட்டம். யோசிக்காமல் டிக் போட்டு ஓகே கொடுத்தால், ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து அமைத்ததெல்லாம் அழிந்து ஒரே மாதிரி ஆகிவிடும். திரும்பப் பெற பட்டன் கிடையாது.

"சார், நேத்து அடிச்ச ஃபைலைக் காணோம்" என்று யாராவது வந்து நிற்காத வாரம் உண்டா? நெட்வேரில் சால்வேஜ் என்ற மெனுவைத் திறந்தால் அழித்த ஃபைல்கள் வரிசையாக இருக்கும். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, யார் அழித்தது என்பதும் கூடவே தெரியும். சர்வரில் இடம் நெருக்கடி வரும்வரை அவை அங்கேயே கிடக்கும். என்டியில் நெட்வொர்க் வழியாக அழித்தது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. பேக்கப் டேப்பைத்தான் தேட வேண்டும். ஒரு யூசருக்கு இவ்வளவுதான் டிஸ்க் இடம் என்று நெட்வேரில் வரம்பு கட்டலாம். மைக்ரோசாப்டில் அந்த வசதி விண்டோஸ் 2000ல்தான் வந்தது.

நெட்வேர் சர்வரின் திரையையும் சொல்லியாக வேண்டும். கறுப்புத் திரை, ஒரு முக்காற்புள்ளி, அவ்வளவுதான். மானிட்டர் என்ற கண்காணிப்பு நிரலை ஏற்றிவிட்டுச் சும்மா விட்டால் ஒரு பாம்பு ஊர ஆரம்பிக்கும். சர்வருக்கு வேலை கூடக் கூட அதன் வால் நீளும், வேகம் எடுக்கும். கதவருகே நின்று பார்த்தாலே சர்வர் திணறுகிறதா என்று தெரிந்துவிடும்! நெட்வொர்க் கார்டின் டிரைவரைக் கூட ஓடுகிற சர்வரிலேயே இறக்கி ஏற்றலாம். என்டியில் ஐபி முகவரியை மாற்றினாலும் ரீபூட்தான்.

சரி, அப்புறம் எப்படி என்டி ஜெயித்தது? டேட்டாபேஸால். நெட்வேர் 3.12ல் எல்லா நிரல்களும் ஒரே நினைவகத்தை வேலி இல்லாமல் பகிர்ந்துகொள்ளும். ஒன்று தடுமாறினால் சர்வரே 'அபெண்ட்' என்று நின்றுபோகும். என்டியில் ஒவ்வொரு நிரலுக்கும் தனி அறை. ஒன்று விழுந்தால் பெரும்பாலும் மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். டேட்டாபேஸை நம்பி வைக்க என்டிதான் சரியான இடம், இதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

யூசர் கணக்கிலும் நெட்வேர் 3 பின்தங்கியே இருந்தது. மூன்று சர்வர் என்றால் ஒரே ஆளை மூன்று முறை உருவாக்க வேண்டும். என்டியில் டொமைன் என்ற பொதுக் கணக்குத் தொகுப்பில் ஒரு முறை போதும். நோவெல் இதற்கு 1993லேயே நெட்வேர் 4ல் எல்லா சர்வர்களுக்கும் பொதுவான டைரக்டரி என்ற அருமையான தீர்வைக் கொண்டுவந்தது. ஆனால் இன்டர்நெட்டில் கணினிகள் பேசிக்கொள்ளும் டிசிபி/ஐபியை அடிப்படை மொழியாக ஏற்க அதற்கு நெட்வேர் 5 வரை, அதாவது 1998 வரை ஆனது. அதற்குள் அலுவலகங்களுக்கு இன்டர்நெட் வந்துவிட்டது.