அப்பாவின் அஞ்சியோகிராமில் ஓட்டோ ஹோன் சத்தம்

பழைய அஞ்சியோகிராம் (சாயம் ஏற்றி எடுக்கும் இதய நாடிப் படம்), எக்கோ இறுவட்டுகளை வீட்டில் வைத்திருக்கும் வன்னி உறவுகளே, அவற்றை வீடியோவாக மாற்றித் தருகிறோம் என்று சொல்லும் கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள். நான் கொடுத்தேன்.

அப்பாவுக்கு 2012இல் கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் ஸ்டென்ட் வைத்தார்கள். அன்று தந்த இறுவட்டைக் காணி உறுதியோடு சேர்த்து இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தார் அம்மா. இந்த மாசியில் அப்பாவுக்கு மறுபடியும் நெஞ்சு இறுக்கம். யாழ்ப்பாணத்தில் பார்த்த இதயநோய் நிபுணர், "ஐயாவுக்குச் சீனி வருத்தம் இருக்கிறது, சிறுநீரகமும் தளர்ந்திருக்கிறது. உடனே இன்னொரு தடவை சாயம் ஏற்ற வேண்டாம். பழைய படத்தைக் கொண்டுவாருங்கள், பார்த்து முடிவெடுப்போம்" என்றார்.

என் மடிக்கணினியில் இறுவட்டுப் போட இடமே இல்லை. தெரிந்த ஆசிரியர் ஒருவரின் பழைய கணினியில் போட்டால், .jpg, .mp4 போன்ற வால் இல்லாத பெயர்களோடு கோப்புகள் வரிசையாக நின்றன. கூடவே வந்த பார்வை மென்பொருள் இப்போதைய விண்டோஸில் அசையவில்லை. கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தேன். அந்த இயந்திரத்தை மாற்றிவிட்டார்களாம், பழைய பதிவு புதிய முறைமையில் திறக்காதாம், எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டுமாம். விண்ணப்பித்தேன். இன்றுவரை பதில் இல்லை.

அப்போதுதான் ஏ9 வீதியோரக் கடை ஒன்றில், "இது சின்ன வேலை அண்ணா" என்று 2,500 ரூபா வாங்கினார்கள். இரண்டு நாளில் பென் டிரைவில் வீடியோ வந்தது. இதயம் துடித்தது, நாடிகள் கறுப்பாகக் கிளைத்தன, எனக்கும் நிம்மதி. பரந்தன் தாண்டி, ஆனையிறவு தாண்டி அப்பாவைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். வைத்தியர் திரையைப் பார்த்தவர், ஒலியைக் கொஞ்சம் கூட்டினார். ஓட்டோ ஹோன் கேட்டது. அப்பாவின் இடது நாடிக்குக் குறுக்கே கடையின் டியூப் லைட் வெள்ளைக் கோடாக விழுந்திருந்தது. எங்கேயோ ஒரு கணினியில் படத்தை ஓடவிட்டு, அதைக் கைத்தொலைபேசியால் பிடித்திருக்கிறார்கள்!

இந்தப் படங்கள் டைகொம் என்ற முறையில் இருப்பவை. நோயாளியின் பெயர், திகதி, எந்தக் கோணத்தில் எடுத்தது, செக்கனுக்கு எத்தனை படம் என்ற விபரங்கள் எல்லாம் கோப்புக்குள்ளேயே இருக்கும். வைத்தியருக்கு அவை வேண்டும். கைத்தொலைபேசி வீடியோவில் ஒன்றுமே மிஞ்சவில்லை. இது யாருடைய இதயம் என்பதற்கே சாட்சி இல்லை.

இதைவிடப் பெரிய அநியாயம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. இறுவட்டின் மேற்பக்கத்தில் பற்றுச்சீட்டு இலக்கத்தைக் குமிழ்முனைப் பேனாவால் அழுத்தி எழுதியிருந்தார்கள். நாம் கீழ்ப்பக்கக் கீறலுக்குத்தான் பயப்படுகிறோம். ஆனால் தரவைத் தாங்கும் மெல்லிய படலம் இருப்பது எழுத்துப் பக்கத்துப் பூச்சுக்குக் கீழே. அங்கே கீறினால் திருத்தவே முடியாது.

வவுனியாவிலிருந்து வந்த மருமகன் வெளியே பொருத்தும் டிரைவ் ஒன்றைக் கொண்டுவந்து, படிக்க முடிந்ததை எல்லாம் இரவிரவாகப் பிரதி எடுத்தான். மைக்ரோடைகொம் என்ற மென்பொருளைக் காசில்லாமல் இறக்கித் திறந்தபோது படம் பளிச்சென்று வந்தது. கோப்பு பழசானதால் வந்த கோளாறு இல்லை, கூட வந்த மென்பொருள்தான் செத்துப்போயிருந்தது. இதை எனக்கு முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் 2,500 ரூபாவை விடுங்கள், இறுவட்டிலிருந்த பதினொரு ஓட்டங்களில் (தனித்தனி வீடியோத் துண்டுகளில்) நான்கை அந்தப் பேனாக் கீறலுக்கு இழந்திருக்க மாட்டேன்.

ஆகவே, மூல இறுவட்டைக் கையைவிட்டு விடாதீர்கள். அதிலுள்ள கோப்புறையை அப்படியே, ஒன்றையும் அழிக்காமல், இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். புதிதாகப் பரிசோதனை செய்பவர்கள், வாசலைத் தாண்டுமுன் டைகொம் கோப்புகளையே பென் டிரைவில் கேளுங்கள், அங்கேயே திறந்து காட்டச் சொல்லுங்கள்.

கடைக்கும் போனேன். "படம் ஓடுகிறதுதானே அண்ணா?" என்றார், இன்னொருவரின் இறுவட்டில் இலக்கம் எழுதிக்கொண்டே.