ஒரே முறை, இரண்டு நெருப்பு: நம்பேயோவும் மரியாவும்

அமெரிக்காவின் தென்மேற்கில் பானை வனைவது பெரும்பாலும் பெண்கள் கைமாற்றித் தந்த வித்தை. நம்பேயோ, அரிசோனாவின் ஹோப்பி-தேவா பழங்குடிப் பெண்; பாட்டியிடம் கற்றவர். நியூ மெக்சிகோவின் சான் இல்டஃபோன்சோ என்ற பழங்குடிக் கிராமத்தைச் சேர்ந்த மரியா மார்ட்டினஸ் (1887–1980) சித்தியிடம் கற்றார். இருவருக்குமே சக்கரம் கிடையாது. மண்ணைத் திரித்து வளையம் வளையமாக அடுக்குவதுதான் முறை.

வேறுபாடு நெருப்பில். நம்பேயோவின் பானை காற்றோட்டத்தில் வெந்து மஞ்சளாகும். மேலே சிக்யாட்கி என்ற பழைய ஹோப்பி கிராமத்தின் இடிபாட்டுப் பானை ஓடுகளில் கண்ட பழைய பறவை வடிவங்கள். மரியா, தீ நன்றாக எரியும்போது குதிரைச் சாணத்தூளைக் கொட்டி மூடிவிடுவார். காற்றில்லாமல் புகையில் வெந்த சிவப்பு மண் கறுத்துவிடும். கல்லால் தேய்த்த இடம் மினுங்கும், கணவர் ஜூலியன் தீட்டிய இடம் மங்கலாக நிற்கும். இந்தப் பானையில் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், பளபளப்பு போய்விடும்.

அழகுக்கு மரியாவின் கறுப்புதான் என் ஓட்டு. ஆனால் கதைக்கு நம்பேயோ. பார்வை மங்கிய பிறகும் தொட்டுத் தடவியே வனைந்தார். அவற்றுக்கு ஓவியம் தீட்டியவர்கள் குடும்பத்தினர்.