சேவை விருதுக்கு எந்த மொமெண்டோ வாங்கலாம்? புதுச்சேரி, கடலூரில் கிடைப்பவை பற்றி

விருது கொடுத்து ஆறு மாதம் கழித்து ஷீல்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். தரம் அங்கேதான் தெரியும். முன்னால் பளபளப்பு அப்படியே இருக்கும்; பின்னால் திருகாணி துரு ஏறி, பலகையின் அடி ஓரம் டீயில் நனைத்த பிஸ்கட் போல உப்பியிருக்கும். உப்புக்காற்று அடிக்கும் ஊரில் இது சகஜம். நாட்டு நலப்பணித் திட்டம் (என்.எஸ்.எஸ்.), இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம், மாணவர் மன்றம் என்று தலைமைப் பண்புக்கும் சமூகப் பணிக்கும் இங்குள்ள கல்லூரிகள் கொடுக்கும் விருதுகளுக்கு எதை வாங்கலாம், எதை விடலாம் என்று பொருள் வாரியாகப் பார்ப்போம். கடைப் பெயர் எதுவும் சொல்லப்போவதில்லை. ஒரே கடையில் நல்லதும் இருக்கிறது, மட்டமும் இருக்கிறது. கேட்டு வாங்குகிறவர்களுக்கு நல்லது கிடைக்கும்.

அதிகம் விற்பது எம்.டி.எஃப். ஷீல்டு. மரநாரைப் பசை போட்டு அழுத்திய பலகை. முகப்பில் பூச்சு இருக்கும், அறுத்த ஓரத்தில் பெரும்பாலும் இருக்காது. ஈரம் நுழைவது அந்த வழியாகத்தான். ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். தூள் உதிர்ந்தால் சீல் செய்யவில்லை என்று அர்த்தம். ஓரத்துக்கு இரண்டு கோட் வார்னிஷ் அடித்துத் தரச் சொன்னால் செய்து தருவார்கள், ஒரு நாள் கூடுதலாகும். சப்ளிமேஷன் அச்சு (சூட்டில் நிறத்தைப் படிய வைப்பது) என்றால் சன்னல் வெயிலில் நிறம் வெளுக்கும். முகாமுக்கு வந்த ஐம்பது பேருக்கும் ஆளுக்கொன்று என்றால் இது போதும். ஆண்டின் சிறந்த தொண்டர் என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு அவர் கையிலும் இதையே கொடுப்பது கஞ்சத்தனம்.

அக்ரிலிக் இந்தக் காற்றுக்குத் தாங்கும். ஆனால் 3 மி.மீ. தகடு வளையும், நிற்க வைக்கிற மாதிரி வேண்டுமென்றால் 8 முதல் 12 மி.மீ. கேளுங்கள். எழுத்து யு.வி. அச்சா (புற ஊதா ஒளியில் மையை நேரே இறுக வைப்பது), ஸ்டிக்கரா என்று பார்ப்பது முக்கியம். விரல்நுனியை எழுத்தின் மேல் ஓட்டினால் ஸ்டிக்கரின் விளிம்பு தட்டுப்படும்; ஒரு கோடை கடந்தால் அதன் ஓரம் கிளம்பும். பின்பக்கத்தில் தலைகீழாக அச்சிட்டு முன்பக்கம் வழியே படிக்கும்படி செய்தால் கீறல் எழுத்தைத் தொடாது. துடைப்பதற்கு ஈரத்துணியும் சோப்புத் தண்ணீரும் போதும். சானிடைசர் போட்டுத் துடைத்தால் லேசரில் வெட்டிய விளிம்பிலிருந்து மயிரிழை போல் விரிசல் ஓடும். ஆல்கஹால் அக்ரிலிக்குக்கு ஆகாது.

பித்தளைத் தகடு பதித்த மரப்பலகை பார்க்க கம்பீரம்தான். லாக்கர் பூச்சு இருக்கும்வரை கறுக்காது. வீட்டில் யாராவது புளி போட்டுத் தேய்த்தால் பூச்சும் போய்விடும், பிறகு மாதம் ஒருமுறை தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். தங்க நிற அலுமினியத் தகட்டைப் பித்தளை என்று சொல்லி விற்பதும் உண்டு. பித்தளை விலை மட்டும் கொடுக்காதீர்கள். மற்றபடி கடற்கரை ஊருக்கு அலுமினியமே தேவலை.

உள்ளூர் அடையாளம் வேண்டும் என்கிறவர்களுக்கு வில்லியனூர் சுடுமண் வேலை இருக்கிறது. புவிசார் குறியீடு பெற்றது. குதிரை, யானை என்று போகாமல் சுவரில் மாட்டும் புடைப்புப் பலகையாகச் செய்யச் சொல்லுங்கள். காது, வால், கால் என்று மெலிந்த பகுதிகள்தான் பஸ் பயணத்தில் முதலில் உடையும். சுட்ட பிறகு பெயர் பொறிப்பது சரிவராது. மண் பாதி காய்ந்து தோல் பதத்தில் இருக்கும்போது கீற வேண்டும். ஆகவே வெற்றியாளர் பட்டியல் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். காயும்போதும் சுடும்போதும் மண் சுருங்கும் என்பதால் முடிவில் என்ன அளவு வேண்டும் என்பதைச் சொல்லிவிடுங்கள், ஈரமண் அளவை அவர்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிழலில் காய்வதற்கே நாளாகும். அவசரப்பட்டுச் சூளையில் வைத்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெடிக்கும். செப்டம்பர் 24 என்.எஸ்.எஸ். நாளுக்கு என்றால் பிரச்சினை இல்லை. நவம்பர் 1 புதுச்சேரி விடுதலை நாளுக்கோ ஜனவரி 26-க்கோ வேண்டுமென்றால் மழைக்கு முன்பே ஆர்டர் கொடுத்தாக வேண்டும்.

ஆனால் மாணவருக்கு உண்மையில் பயன்படுவது ஷீல்டு இல்லை, சான்றிதழ். ஷீல்டை எந்த விண்ணப்பத்தோடும் இணைக்க முடியாது. தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் மாநில இளைஞர் விருது 15 முதல் 35 வயதுக்குள் இருப்பவர்களுக்கு ஆகஸ்ட் 15 அன்று வழங்கப்படுகிறது: 1 லட்சம் ரூபாய், பதக்கம், பாராட்டுச் சான்றிதழ். தமிழ்நாட்டில் குடியிருப்பவர்களுக்கானது, அதனால் கடலூர் மாணவருக்கு வழி உண்டு, புதுச்சேரி மாணவருக்கு இல்லை. தேசிய அளவிலான என்.எஸ்.எஸ். விருது இரு பக்கத்தாருக்கும் பொது. அதற்கு இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணியும் ஏழு நாள் சிறப்பு முகாமும் முடித்திருக்க வேண்டும். இந்த எண்கள் சான்றிதழில் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. “சிறந்த முறையில் சேவையாற்றியமைக்காக” என்று பொன்னெழுத்தில் ஒரு வரி, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு தேர்வுக் குழு எதை நம்பும்?

இப்படி எழுதிப் பாருங்கள்: “2024 டிசம்பர் தென்பெண்ணை வெள்ளத்தின்போது கடலூர் நிவாரண முகாமில் 6 நாள், 20 பேர் கொண்ட உணவு வழங்கும் குழுவை வழிநடத்தியதற்காக.” இடம், நாள், எத்தனை பேர், அவர் செய்தது என்ன என்ற நான்கும் வந்துவிட்டன. கீழே வரிசை எண், தேதி, திட்ட அலுவலர் கையொப்பம், முத்திரை. அச்சுக்குக் கொடுக்கும் முன் எண்களைச் சரிபார்ப்பதும் வேலைதான். ஒரே ஆண்டில் ஆறு முறை ரத்த தானம் செய்தார் என்று பாராட்டுரை எழுதினால் விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விட்டுத்தான் கொடுக்க முடியும்.

சான்றிதழுக்குத் தாள் தேட வேண்டாம், புதுச்சேரியிலேயே நல்ல கைத்தாள், அதாவது கையால் செய்த தாள், இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமக் கைத்தாள் பிரிவு பருத்திக் கழிவிலிருந்து செய்கிற தாள் பழுப்பேறாமல் நீண்ட நாள் இருக்கும். 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 200 கிராம்) அளவில், மேற்பரப்பு மிகச் சொரசொரப்பாக இல்லாததாக எடுங்கள். லேசர் பிரிண்டரில் விட்டால் டோனர் மேடுகளில் மட்டும் ஒட்டி, பள்ளத்தில் விட்டுப்போகும், மடித்தால் உதிரும். இங்க்ஜெட்டில் மை கசிந்து எழுத்தின் ஓரம் மயிர் விடும். வாசகத்தை ஸ்கிரீன் பிரிண்ட் செய்துகொண்டு, பெயரை மட்டும் நல்ல கையெழுத்துள்ள ஒருவரை வைத்து நீரில் கரையாத மையால் எழுத வைப்பதே சிறந்தது. பத்துத் தாள் கூடுதலாக வாங்குங்கள், எழுதும்போது வீணாகும். லேமினேஷன் மட்டும் வேண்டாம். கைத்தாள் வாங்கியதற்கே அர்த்தமில்லாமல் போய்விடும்.

இனி தமிழ். இந்தக் கடைகளில் கெட்டுப்போவது பொருளை விட அதிகமாக எழுத்துதான். நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புவது யூனிகோடு. கடைக்காரர் வடிவமைக்கும் பழைய கோரல் டிரா மென்பொருளில் அதை ஒட்டினால் கொம்பு இடம் மாறும், ‘தொண்டர்’ சிதறிப்போகும். அதனால் ஆபரேட்டர் பாமினி போன்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் மறுபடியும் முதலிலிருந்து தட்டுவார். பிழை அங்கே ஆரம்பிக்கிறது. ‘சமூகப் பணி’ ‘சமூகப் பனி’யாகி மேடை ஏறிவிடும். தலைப்பெழுத்தை மாணவரிடமே எழுதி வாங்குங்கள், மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி. புரூஃபைப் போன் திரையில் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். அசல் அளவில் சாதாரணத் தாளில் அச்செடுத்து, அதைத் தட்டாத இன்னொருவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். 10 பாயிண்ட்டுக்குக் கீழே போனால் லேசர் பொறிப்பில் ணகரச் சுழி அடைத்துக்கொள்ளும்.

சின்னங்களிலும் கவனம் வேண்டும். என்.எஸ்.எஸ். சின்னம் கோனார்க் தேர்ச் சக்கரத்திலிருந்து எடுத்தது, எட்டு ஆரங்கள் இருபத்து நான்கு மணி நேரத்தைக் குறிப்பவை. இணையத்தில் எடுத்த சின்னப் படத்தைப் பெரிதாக்கினால் ஆரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறையாகத் தெரியும். எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாத வெக்டர் கோப்பாகக் கொடுங்கள். அழகாக இருக்கிறதே என்று நான்முகச் சிங்க முத்திரையைக் கடைக்காரர் போட்டால் எடுக்கச் சொல்லுங்கள். அனுமதியின்றி அதைப் பயன்படுத்துவதை 2005-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

பொன்னாடை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இருபது வயதுப் பிள்ளை அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்?

அளவு ஏ4-ஐத் தாண்ட வேண்டாம். ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் கைகுலுக்க வேண்டும், பிறகு கடலூர் பஸ்ஸில் நின்றுகொண்டே பையில் போட்டுக் கொண்டுபோக வேண்டும். அட்டைப் பெட்டி சேர்த்துத்தான் விலையா என்று ஆர்டர் கொடுக்கும்போதே கேளுங்கள். அக்ரிலிக் வாங்கினால் விழாவுக்கு முதல் நாள் பாதுகாப்புப் படலத்தை உரித்துவிடுங்கள். முன்பக்கத்தை உரித்துவிட்டுப் பின்பக்கத்தை மறந்துவிடுவார்கள். போட்டோவில் ஷீல்டு மட்டும் மங்கலாக விழும்.