வெங்காயம் கொண்டு சந்தைக்குப் போறவையள் கவனம்: ஒரு காலையில் 80,865 ரூபா போச்சு

நடந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. கோபம் ஆறமுதல் எழுதிப்போட வேண்டும் என்று இருந்து எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் பிரதேச சபைச் சந்தை ஒன்றில், மொத்தமாக எடுத்துத் தென்பகுதிக்கு, தம்புள்ளை மொத்தச் சந்தைக்கு ஏற்றுகிற கொமிசன் கடை. எந்தச் சந்தை, எந்தக் கடை என்று எழுதமாட்டேன். எழுதினால் எல்லாரும் பெயருக்குத்தான் சண்டை பிடிப்பியள், கணக்கை ஒருவரும் பார்க்கமாட்டியள். எனக்குக் கணக்கைத்தான் காட்ட வேண்டும். எப்படித் தப்பலாம் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

சரக்கு 30 வலைச்சாக்கு சின்ன வெங்காயம். பிடுங்கி, வெங்காயத் தாளால் குமிழை மூடித் தோட்டத்திலேயே மூன்று நாள் வாடவிட்டு, பிடி கட்டிக் கொட்டிலில் பத்து நாள் தூக்கி, பிறகு தாள் வெட்டிச் சாக்கில் போட்டது. முதல்நாள் பின்னேரம் முத்திரை குத்தின தராசில் சாக்குச் சாக்காக நிறுத்து, ஒவ்வொரு சாக்கின் வாயிலும் மட்டைத் துண்டில் நிறையை எழுதிக் கட்டியாயிற்று. மொத்தம் 1,236 கிலோ.

அன்றிரவு போனில் கடைக்காரர் சொன்னது இதுதான்: "கிலோ 210. எங்களிட்டைக் கழிவும் இல்லை, கொமிசனும் இல்லை. நிறைக்கு நிறை காசு. விடிய அஞ்சு மணிக்கு இறக்கிப் போடுங்கோ அண்ணை." 1,236 கிலோவுக்கு 210 படி 259,560 ரூபா. சாக்கு இறக்குகிற நாட்டாமைக் கூலி சாக்குக்கு 50 ரூபாவாக 1,500 கழித்தால் கைக்கு 258,060 வர வேண்டும். வந்தது 177,195. வித்தியாசம் 80,865 ரூபா.

எங்கே நம்பினேன் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் எல்லாரும் விழுகிறோம். முதல் இரண்டு சாக்கும் என் கண் முன்னால் நிறுத்தார்கள். வெறும் தட்டு, சுழியம் காட்டியது. முதல் சாக்கை நட்டநடுவில் வைத்தார்கள். மட்டையில் 42.3, தராசிலும் 42.3. இரண்டாவதும் அச்சொட்டாக அதே. தராசு சரி என்று மனம் சொல்லிவிட்டது. அந்த நேரம் பார்த்து, "இன்னும் இருபத்தெட்டுச் சாக்குக் கிடக்கு. நீங்கள் போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ அண்ணை, நாங்கள் நிறுத்துப் போடுறம்" என்றார்கள். விடிய மூன்று மணிக்கு எழும்பி வந்தவனுக்கு அந்தத் தேத்தண்ணி நல்லாத்தான் இருந்தது. அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் முதல் வெட்டு.

திரும்பி வரும்போது கடைசி மூன்று சாக்குத்தான் மிச்சம். அவை தராசில் எப்படி நின்றன என்று பார்த்தேன். சாக்கின் அடி தட்டில் இருந்தது, முதுகு பின்னால் அடுக்கியிருந்த சாக்குகளில் சாய்ந்திருந்தது. இப்படிச் சாய்ந்தால் நிறையில் ஒரு பங்கைப் பின்னால் நிற்கிற அடுக்குத் தாங்கும், தராசுக்கு மிச்சம்தான் தெரியும். சாக்குக்கு ஒரு கிலோ குறைக்க இலேசாகச் சாய்த்தாலே போதும். தராசு பிழையே இல்லை. முத்திரையும் இருக்கும், சோதித்தாலும் சரியாகக் காட்டும். பிழை சாக்கை வைக்கிற இடத்தில்.

இனி எழுதுகிற பெடியனைப் பாருங்கோ. 42.3 என்றால் 42, 40.8 என்றால் 40. புள்ளிக்குப் பின்னால் உள்ளதை எழுதவே மாட்டான். என் மட்டைகளில் புள்ளிக்குப் பின்னால் உள்ளதை மட்டும் கூட்டினால் 14 கிலோ. கொப்பியில் எழுதின மொத்தம் 1,191. அதாவது 45 கிலோ காணவில்லை. அதில் 14 புள்ளியோடு போனது, மிச்சம் 31 சாய்வோடு போனது. 210 படி 9,450 ரூபா.

பிறகு சாக்குக் கழிவு, சாக்குக்கு ஒரு கிலோ. சணல் சாக்கு என்றால் ஒரு கதை இருக்கிறது, ஈரச் சணல் சாக்கு கிட்டத்தட்ட அவ்வளவு நிறை இருக்கும். இது வலைச்சாக்கு. கையில் எடுத்தால் நூறு கிராமும் வராது. அதற்கு 30 கிலோ கழித்தார்கள், 6,300 ரூபா. மிஞ்சியது 1,161 கிலோ.

அதற்கு மேல் பத்துவீதக் கழிவு. யாழ்ப்பாணத்துச் சந்தைக்குப் போகிற எல்லாருக்கும் இது தெரியும். நூறு கிலோ கொண்டுபோனால் தொண்ணூறுக்குத்தான் காசு. அழுகல், மண், காய்ந்து குறைவது என்று ஆயிரம் காரணம் சொல்வார்கள். கத்தரிக்காயில் புழு இருக்கும், தக்காளி நசியும், அதற்குக் கழிவு என்றாலும் வாதாடலாம். காயவைத்துத் தெரிந்து கட்டின வெங்காயத்தில் நூற்றுக்குப் பத்து எங்கே அழுகுகிறது? அந்தப் பத்துக் கிலோவை அவர்கள் குப்பையில் கொட்டுவதில்லை, அதே சாக்கில் அதே லொறியில் ஏற்றி விற்கிறார்கள். கழிவு இல்லை என்று இரவு சொன்ன அதே வாய் காலையில், "சந்தை வழக்கம் அண்ணை" என்றது. 116 கிலோ, 24,360 ரூபா.

ஆகப் பெரிய வெட்டு விலையில் விழுந்தது. சாக்கெல்லாம் இறக்கி, நிறுத்து, இன்னொருவருடைய வெங்காயத்தோடு சேர்த்து அடுக்கின பிறகு கடைக்காரர் ஒரு சாக்கிலிருந்து ஒரு குமிழை எடுத்தார். கழுத்தை இரண்டு விரலால் நசித்துக் காட்டினார். கசிந்தது. "ஈரம் அண்ணை. இதை 210க்கு எடுத்தால் தம்புள்ளை போறதுக்குள்ள சூடாகிப் போகும். 180 போடுறன்."

அவர் எடுத்த குமிழ் எது தெரியுமா? தடித்த கழுத்துள்ளது. எந்தத் தோட்டத்திலும் சில குமிழ் அப்படித்தான் விளையும், மாதக்கணக்கில் தூக்கினாலும் அந்தக் கழுத்து முழுதாய் ஒட்டாது. ஈரம் பார்க்கிறதென்றால் ஐந்தாறு சாக்கில், மேலேயும் நடுவிலேயும் கைவிட்டுப் பத்துப் பதினைந்து குமிழ் எடுக்க வேண்டும். கழுத்து மெல்லிசாக ஒட்டி, வெளித்தோல் சரசரத்தால் காய்ந்த வெங்காயம். ஒரு குமிழை நசித்து 1,236 கிலோவுக்கும் விலை வெட்டுவது வெறும் ஏமாற்று.

நீங்கள் கேட்பீர்கள், அப்படியென்றால் திரும்பி ஏற்றிக்கொண்டு வந்திருக்கலாமே என்று. அதற்குத்தான் இறக்கின பிறகு விலையை வெட்டுகிறார்கள். லொறிக்காரர் இறக்கிவிட்டுப் போய்விட்டார். திரும்ப ஏற்ற நாட்டாமைக்கு இன்னொரு கூலி, லொறிக்கு இன்னொரு வாடகை. தெற்குக்கு ஏற்றுகிறவர்கள் விடியத் தங்கள் லொறியை நிரப்பிக்கொண்டு போய்விடுவார்கள், வெயில் ஏறினால் வாங்க ஆளில்லை. அடுத்த கடைக்குப் போனால் அவர் முதல் கேட்பது, "அங்க என்ன விலை சொன்னவை?" அவர்களுக்குள் போன் போய்விடும். கிலோவுக்கு 30 ரூபா, 1,045 கிலோவுக்கு 31,350 ரூபா.

கடைசியில் கொமிசன் ஐந்து வீதம், 9,405 ரூபா. கழிவு எடுத்தால் கொமிசன் இல்லை, கொமிசன் எடுத்தால் கழிவு இல்லை என்பதுதான் இவர்களே சொல்லுகிற வழக்கம். இரண்டையும் எடுத்தார்கள்.

9,450, 6,300, 24,360, 31,350, 9,405. கூட்டிப் பாருங்கோ. 80,865.

தந்த துண்டு சிகரெட் பெட்டி அளவு. கடைப் பெயர் இல்லை, திகதி இல்லை, கையெழுத்து இல்லை. 1045 × 180 என்று ஒரு வரி, கீழே இரண்டு கழித்தல், அடியில் 177195.

கேட்டதற்குக் கிடைத்த பதில்களையும் எழுதுகிறேன், உங்களுக்கும் இதே பதில்தான் வரும். கணக்கு எழுதினவர்: "அவை சொன்னதை நான் எழுதினனான், நிறுத்தது அவை." நிறுத்தவர்: "முதலாளியைக் கேளுங்கோ." முதலாளி: "வெங்காயம் காய்ஞ்சு நிறை குறைஞ்சிருக்கும் அண்ணை." பத்து நாள் கொட்டிலில் தூக்கின வெங்காயம் ஒரே இரவில் 31 கிலோ, இரண்டரை வீதம், காயாது. அதுவும் முதல் இரண்டு சாக்கும் ஒரு புள்ளி குறையாமல் நிற்க, மற்ற இருபத்தெட்டும் மட்டும் காய்ந்ததா? திரும்ப நிறுக்கச் சொன்னால், "கலந்து அடுக்கியாச்சு, இனி எது உங்கட சாக்கெண்டு எப்பிடிப் பிரிக்கிறது?" மட்டைத் துண்டுகளை ஏற்கெனவே பிய்த்து நிலத்தில் போட்டிருந்தார்கள். விலையைக் கேட்டால், "இந்தியாவில இருந்து பம்பாய் வெங்காயம் வந்து இறங்கீட்டுது, தம்புள்ளையில விலை இல்லை." சந்தையை நடத்துகிற இடத்தில் கேட்டால், "நாங்கள் கடை வாடகைதான் எடுக்கிறம், நிறுக்கிறது விற்கிறது உங்களுக்கும் அவைக்கும் உள்ள பிரச்சினை." பின்னேரம் நான் போனில் கேட்டபோது கடைக்காரர் சொன்னதுதான் நெஞ்சில் நிற்கிறது: "விருப்பம் இல்லாட்டி ஏன் கொண்டு வந்தனீங்கள்?" அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை.

கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் என்று இருக்கிறது. அதற்கென்றே 1987ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. நெல், பருத்தி, நிலக்கடலை, மஞ்சள் போன்றவற்றை அங்கே கொண்டுபோய் வைத்தால் கூடத்தின் ஆட்கள் நிறுக்கிறார்கள். வியாபாரிகள் விலையைத் துண்டில் எழுதிப் பெட்டியில் போடுகிறார்கள், ஒருவர் எழுதினது மற்றவருக்குத் தெரியாது, அதை மறைமுக ஏலம் என்கிறார்கள். அந்த விலை பிடிக்காவிட்டால் விற்காமல் விடலாம், கிடங்கில் வைத்து அதன்மேல் பொருளீட்டுக் கடன் எடுக்கலாம். நூற்றுக்கு ஒரு ரூபா சந்தைக் கட்டணம், அதுவும் வாங்குகிற வியாபாரியிடம்தான் எடுக்கிறார்கள். அங்கேயும் கூடத்துக்கு வெளியே தோட்டத்தடியில் குறைந்த விலைக்கு விற்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், எல்லாம் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நிறுக்கிறவன் வேறு, வாங்குகிறவன் வேறு. இங்கே வாங்குகிறவனே நிறுக்கிறான், அவனே எழுதுகிறான், அவனே ஈரம் பார்க்கிறான், அவனே கழிவும் வைக்கிறான். நம்முடைய பிரதேச சபைச் சட்டமும் அதே 1987தான், இலக்கம் 15. பொதுச் சந்தையை நடத்துகிற பொறுப்பு சபைக்கு இருக்கிறது. சந்தைக்குள் ஒரு பொதுத் தராசும் நிறுக்கச் சம்பளத்துக்கு ஒரு ஆளும் வைத்தால், இன்று நான் எழுதினதில் பாதி நடக்காது. இது ஒன்றும் பெரிய செலவு இல்லை.

விவரமாக எழுதுவேன் என்று சொன்னேன். இப்போது கை ஓடவில்லை, முக்கியமானது மட்டும்.

விலை, கழிவு, கொமிசன் மூன்றையும் முதல்நாள் இரவே வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்குங்கோ. போன் கதை காற்றோடு போகும், எனக்குப் போனது 80,865. விலை முடிவாகுமுதல் ஒரு சாக்கும் இறக்கவேண்டாம். ஈரம் பார்ப்பதென்றால் லொறியில் வைத்தே பார்க்கச் சொல்லுங்கோ.

தராசடியில் இரண்டு பேர் நில்லுங்கோ, ஒருவர் தட்டைப் பார்க்க, மற்றவர் கொப்பியைப் பார்க்க. சாக்கு எதிலும் முட்டக்கூடாது, நாட்டாமையின் காலில்கூட. புள்ளியோடு எழுதச் சொல்லுங்கோ. வெறும் வலைச்சாக்குப் பத்தை ஒன்றாக நிறுத்துக் காட்டிவிட்டுக் கழிக்கச் சொல்லுங்கோ.

வியாபாரத் தராசுக்கு வருடாவருடம் முத்திரை குத்த வேண்டும், 1995ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம். முத்திரை இல்லாவிட்டால் படம் எடுத்து அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்துக்குக் கொடுங்கோ. வாசலில் தருகிற சந்தை வரித் துண்டை எறியவேண்டாம். கடைத் துண்டில் திகதி இல்லாதபோது, அன்றைக்கு நீங்கள் அங்கே போனதற்கு அது ஒன்றுதான் சாட்சி. மத்தியஸ்த சபைக்குப் போனாலும் அதைத்தான் நீட்ட வேண்டிவரும். நான் அதைக் கசக்கி எறிந்துவிட்டேன்.

நாளை மறுநாள் திரும்பச் சந்தை. தாள் வெட்டிச் சாக்கில் போட்டு வைத்திருக்கிறவர்கள் இன்னும் நிறையப் பேர். தேத்தண்ணியை வீட்டிலேயே குடிச்சிட்டுப் போங்கோ.