புது பேரிங்கா, பழைய நக்கிளா?

கல்லடிப் பாலம் தாண்டிக் காரில் 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது முன் வலது சில்லு 'ஊ...' என்று முனகியது. ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் சத்தம் கூடியது. சரி, சில்லைச் சுழலவிடும் பேரிங் போய்விட்டது.

பழைய பாகங்கள் விற்கும் ரீகண்டிஷன் கடையில், நக்கிளை (பேரிங் உட்காரும் இரும்புத் தாங்கி) பேரிங்கோடும், சில்லைப் பூட்டும் ஹப்போடும் வாங்கிப் பூட்டினால் வேலை சட்டென்று முடியும். ஆனால் அந்தப் பேரிங் எத்தனை கிலோமீற்றர் ஓடியதோ! கையால் சுற்றும்போது நல்ல பிள்ளை. பாரம் ஏறினால்தான் குட்டு வெளிப்படும்.

புது பேரிங் போடுவதென்றால் ஹைட்ராலிக் பிரஸ் (எண்ணெய் அழுத்தத்தில் அமுக்கும் இயந்திரம்) வேண்டும். நக்கிளில் இறக்கும்போது வெளிவளையத்தில்தான் அழுத்த வேண்டும். உள்வளையத்தில் அழுத்தினால் குண்டுகள் தடம் பதித்து, புதிதும் முனகத் தொடங்கும். சுத்தியலைத் தூக்குகிற கராஜ் என்றால் காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பிரஸ் இருந்தால் என் காசு புதிதுக்கே. கடையின் பழைய நக்கிள், காரில் இருப்பது வளைந்திருந்தால் மட்டும்.