மிஞ்சிய கரு: அழிய விடுவதா, ஆராய்ச்சிக்குக் கொடுப்பதா?

திருக்கருகாவூரில் வேண்டிக்கொண்டு, ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் சிகிச்சை) மூலம் பிள்ளை பெற்ற தஞ்சைப் பக்கத் தம்பதிகளுக்கு அப்புறம் ஒரு குழப்பம் வரும்: உறைய வைத்த மற்ற கருக்களை என்ன செய்வது?

சட்டம்: இந்தியாவின் 2021-ஆம் ஆண்டுச் செயற்கைக் கருத்தரிப்புச் (ART) சட்டப்படி சேமிப்பு 10 ஆண்டு வரைதான். பிறகு அழிய விடலாம். சம்மதித்தால் பதிவுபெற்ற ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தரலாம்.

பயன்: அழிய விட்டால் யாருக்கும் பயனில்லை. கொடுத்தால் ஸ்டெம் செல் (உடலின் வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய அடிப்படைச் செல்) ஆராய்ச்சிக்கு உதவும். 1998-இல் அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கரு ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்ததும் ஐவிஎஃப் கருக்களிலிருந்துதான்.

மனசு: இரண்டிலும் கரு பிழைக்காது. ஆனாலும், செல் எடுக்கக் கலைப்பது சிலருக்கு உறுத்தும். அதை மூடநம்பிக்கை என்று தள்ளக் கூடாது.

உறுத்தினால் அழிய விடுங்கள். இல்லையென்றால் தாராளமாகக் கொடுங்கள், எந்த ஆராய்ச்சிக்கு என்று கேட்டபின் கையெழுத்திட்டு.